இரு கனங்களின் கூடுதலும் ஆறாம் வகுப்பில் ஓர் இடமும்

ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்கிலிருந்து மேலே ஏறும் பாதை ஒன்றின் முடிவில் மவுண்ட் யூக்ளிட் உறைவிட ஆங்கிலப் பள்ளி இருந்தது. பள்ளி நின்ற நிலம் அரசாங்கத்துடையது. குத்தகைப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை உண்டு: ஆண்டுதோறும் ஆறாம் வகுப்பில் மலைக் குடும்பத்துப் பிள்ளை ஒன்றுக்குக் கட்டணமில்லாமல் இடம் தர வேண்டும். அந்த இடத்தைக் கேட்டு வந்த யாரையும் பள்ளி இதுவரை திருப்பி அனுப்பியதில்லை. எந்தப் பிள்ளையும் அதில் சேர்ந்ததும் இல்லை. இரண்டு செய்திகளும் ஆண்டறிக்கையில் ‘சமூகத் தொண்டு’ என்ற ஒரே தலைப்பின் கீழ் அச்சாகிவந்தன.

பள்ளியை நிறுவியவர் ஓய்வுபெற்ற கணக்குத் தேர்வாளர். மற்ற பள்ளிகளில் வாயில் வளைவில் உழைப்பைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோ நாலு நல்ல வார்த்தை எழுதிவைப்பார்கள். இவர் இரு கனங்களின் கூடுதலைக் காரணிப்படுத்தும் சூத்திரத்தைக் கல்லில் செதுக்கச் சொன்னார்.

a³ + b³ = (a + b)(a² − ab + b²)

காலைக் கூட்டத்தில் கொடியேற்றிய பிறகு பிள்ளைகள் இதை ராகம்போட்டுப் பாடினார்கள். பாடியவர்களில் யாராவது பொருள் கேட்டதாகப் பள்ளி வரலாற்றில் இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஜூன் மாதக் காலையில், வெள்ளக்கடை என்ற மலைக்கிராமத்தைச் சேர்ந்த பொன்னுவேல் தன் மகள் கண்ணம்மாளோடு அந்த வளைவுக்குள் நுழைந்தார். கொஞ்சம் காப்பி, காப்பிக்கு நிழல் தரும் மரங்களில் மிளகு, சரிவில் சாமை என்று அவருக்கு ஒரு காடு இருந்தது. கண்ணம்மாள் ஊர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். இவள் படிக்கிற பிள்ளை, மலைக்காரர்களுக்கு அங்கே ஓர் இடம் இருக்கிறதாம், கேட்டுப் பாருங்கள் என்று ஊர் வாத்தியார்தான் அனுப்பியிருந்தார். வெறுங்கையோடு போகக் கூடாது என்று பொன்னுவேல் ஒரு பலாப்பழத்தைத் தோளில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். கேட்டுக்காரர் மரியஜோசப் அதைப் பார்வையாளர் கணக்கில் எழுதிக்கொண்டு தன் அறைக்குள் வைத்தார்.

முதல்வர் வெங்கடாசலம் கண்ணம்மாளின் மாற்றுச் சான்றிதழை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டார். பிறகு அவளை வெளியே இருக்கச் சொன்னார். புள்ளையைத்தானே சேர்க்கிறது, அவளை ஏதும் கேட்க வேண்டாமா என்று பொன்னுவேல் மெதுவாகக் கேட்டார்.

“குழந்தையைச் சோதிப்பது பழைய காலத்து வழக்கம்,” என்றார் முதல்வர். “குழந்தைக்கு என்ன தெரியும் என்பது எங்களுக்கு முக்கியமே இல்லை. அதற்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்கிறோம்.”

சற்று முன்னால் அதே நாற்காலியில் கோயம்புத்தூர் மில் முதலாளி ஒருவர் உட்கார்ந்திருந்தார். மலைப்பாதையில் பனி அதிகமா என்பது அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி. காரில் தூங்கிவிட்டதாக அவர் பதில் சொன்னார். பதில் நேர்மையாக இருந்ததால் அவருடைய மகனுக்கு இடம் கிடைத்தது. கட்டணமில்லாத இடத்துக்கு விதி வேறு. அந்தப் பெற்றோர் பிள்ளையின் வீட்டுப்பாடத்துக்கு உதவும் தகுதி உள்ளவராக இருக்க வேண்டும். ஆகவே பொன்னுவேலிடம் வாயில் வளைவில் இருப்பதைச் சொல்லும்படி கேட்டார்கள். தெரியாதுங்க என்றார். முதல்வர் கோபித்துக்கொள்ளவில்லை. கணக்கு ஆசிரியை லூர்துசெல்வியைக் கூப்பிட்டு, இவருக்குத் தாழ்வாரத்தில் வைத்துச் சொல்லிக்கொடுங்கள் என்றார்.

பொன்னுவேல் சேர்வராயன் கோயில் திருவிழாவில் பாடுகிறவர். நீளநீளமான பாட்டுகளைக் கேட்டே மனப்பாடம் செய்தவர். லூர்துசெல்வி ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அவர் திருப்பிச் சொன்னார். ஏ க்யூப் பிளஸ் பி க்யூப் ஈக்குவல்ட்டு, ஏ பிளஸ் பி இன்ட்டூ, ஏ ஸ்கொயர் மைனஸ் ஏபி பிளஸ் பி ஸ்கொயர். ஒரு பிசகும் இல்லை. உள்ளே போவதற்கு எழுந்தவர் ஏதோ நினைத்துக்கொண்டு நின்றார்.

“ஏனுங்க டீச்சரம்மா, நடுவால மைனசுன்னு ஒண்ணு வருதே, அதென்னுங்க?”

லூர்துசெல்வி அந்தப் பள்ளிக்கு வந்ததிலிருந்து யாரும் இப்படிக் கேட்டதில்லை. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. சுண்ணக்கட்டித் துண்டுகளைத் தரையில் பரப்பினார். ஒரு கனம் எட்டு, இன்னொரு கனம் ஒன்று, சேர்த்தால் ஒன்பது என்று காட்டினார். ஒன்பதை மூன்று வரிசையாக, வரிசைக்கு மூன்றாக அடுக்கலாம். வரிசைகளின் எண்ணிக்கைதான் முதல் அடைப்புக்குறி. வரிசைக்கு எத்தனை என்பது இரண்டாவது. அங்கே நாலும் ஒன்றும் இருக்கின்றன, நடுவில் இரண்டைக் கழிக்க வேண்டும், குறைக்க வேண்டும். கழிக்காமல் கூட்டிவிட்டால் வரிசைக்கு ஏழாகும், மொத்தம் இருபத்தொன்றாகும், கணக்குத் தப்பு. பொன்னுவேல் குனிந்து பார்த்து, வரிசைகளை விரலால் தொட்டு, முழுக்கப் புரிந்துகொண்டார். புரியாத வரையில் அதைச் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், உள்ளே போய் முதல்வர் முன்னால் கைகட்டி நின்று, நடுவில் மைனசுக்குப் பதிலாகப் பிளஸ் என்றார்.

திரும்பச் சொல்லச் சொன்னார்கள். திரும்பவும் பிளஸ்.

“அது மைனஸ் இல்லையா?” என்றார் முதல்வர்.

“அதுதானுங்க. தெரியுமுங்க.”

“தெரிந்தால் ஏன் சொல்லவில்லை?”

பொன்னுவேல் சங்கடத்தோடு விளக்கினார். இது பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற நல்ல காரியம். நல்ல காரியத்தின்போது குறைகிற வார்த்தையை அவர்கள் ஊரில் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். விதைக்கிற நாளில் சொல்வதில்லை, களத்தில் சாமை அளக்கும்போது சொல்வதில்லை, விளக்கைக்கூட அணை என்று சொல்வதில்லை. அவருடைய அண்ணன் அங்கப்பன் ஒரு நிச்சயதார்த்தத்தில் தாம்பாளத்தைப் பார்த்து, பாக்கு கொறையுதே என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் அப்போதே எழுந்து போய்விட்டார்கள். அந்தப் பெண் இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள்.

“இந்த எடத்துல நிண்ணு எம் புள்ளைக்கு அந்த வார்த்தையச் சொல்லச் சொல்றீங்களே, எப்பிடீங்க சொல்றது? வேற எங்கயாச்சும் வெச்சுக் கேளுங்க, நூறு தடவை சொல்றனுங்க.”

 முதல்வர் கதவருகே நின்ற லூர்துசெல்வியிடம், “இவருக்குப் புரிந்துவிட்டது. அதுதான் சிக்கல். நம் மாணவர்களிடம் பொதுவாக இது ஏற்படுவதில்லை,” என்றார்.

மலை இடத்துக்கான பெற்றோர் ஆயத்த வகுப்பு அந்த இடத்திலேயே தொடங்கி வைக்கப்பட்டது. மனுவை மறுப்பது பள்ளியின் மரபு அல்ல. குறையைச் சரிசெய்வதுதான் மரபு. வகுப்பில் சேரச் சம்மதமா என்று கேட்டார்கள். பொன்னுவேல், செரிங்க என்றார். இது உறைவிடப் பள்ளி, ஆகையால் வகுப்பும் உறைவிட வகுப்பு என்றார்கள். செரிங்க என்றார். வளாகத்துக்குள் தங்குகிறவர்கள் சீருடையில் இருக்க வேண்டும் என்றார்கள். பெரிய மனிதர் ஒருவர் ஒவ்வொன்றையும் சம்மதமா என்று கேட்டுக் கேட்டுச் செய்யும்போது மாட்டேன் என்று சொல்லும் வழக்கம் வெள்ளக்கடையில் கிடையாது. எத்தனை நாளைக்குங்க என்று மட்டும் கேட்டார்.

“அது உங்கள் கையில்தான் இருக்கிறது,” என்றார் முதல்வர் அன்போடு. “ஒரு வார்த்தை. இன்றைக்கே சொன்னாலும் சரி.”

கண்ணம்மாளை ஊர்க்காரர் ஒருவரோடு பஸ்ஸில் ஏற்றிவிட்டுப் பொன்னுவேல் திரும்பி வந்தார். மரியஜோசப் கேட்டைச் சாத்தினார்.

ஆயத்த வகுப்புக்கென்று தனி அறை இல்லாததால் அவரை ஆறாம் வகுப்பில் உட்கார வைத்தார்கள். பெஞ்சுக்கும் மேசைப் பலகைக்கும் நடுவில் அவருடைய முழங்கால்கள் நுழையவில்லை. பக்கவாட்டில் திரும்பி, சுவரைப் பார்த்தபடி பாடம் கேட்டார். வெள்ளைச் சட்டை, சாம்பல் நிறக் கால்சட்டை, கோடுபோட்ட டை. டையை முதல் நாள் அவர் இடுப்பில் கட்டிக்கொண்டார். அப்புறம் கோயம்புத்தூர் மில் முதலாளியின் மகன் அதைக் கழுத்தில் கட்டிவிட்டான். பள்ளியில் புதிதாகச் சேர்ந்தவரை ‘நியூ பாய்’ என்று அழைப்பது விதி. விதியில் வயது குறிப்பிடப்படவில்லை. காதோரம் நரைத்த அந்த நியூ பாயைப் பார்த்துப் பிள்ளைகள் ஒரு வாரம் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது.

வளாகத்தில் தமிழ் பேசினால், ‘நான் தமிழ் பேசினேன்’ என்று ஆங்கிலத்தில் எழுதிய மரப்பலகையைக் கழுத்தில் மாட்டுவார்கள். அடுத்து யார் தமிழ் பேசுகிறார்களோ அவர்கள் கழுத்துக்கு அது மாறும். பொன்னுவேல் எதிரில் வருகிற எவரையும் கும்பிடறேனுங்க என்று சொல்லாமல் கடந்ததில்லை. பலகை காலையில் அவரிடம் வந்தால் படுக்கப் போகும்வரை அவரிடமே இருந்தது. சில மாதங்களில் அதைத் தினமும் மாட்டி எடுக்கும் வேலையை விட்டுவிட்டு, அவருடைய கட்டிலின் தலைமாட்டிலேயே ஓர் ஆணி அடித்துக் கொடுத்தார்கள். அந்தப் பருவத்தில் பள்ளியில் வேறு யாரும் தமிழ் பேசிப் பிடிபடவில்லை. ஆங்கிலச் சூழல் மேம்பட்டிருப்பதாக அறிக்கை எழுதப்பட்டது.

வாரத்துக்கு ஒருமுறை அவரை முதல்வர் அறைக்கு அழைத்துப் போனார்கள். சூத்திரத்தைச் சொல்லச் சொன்னார்கள். நடுக்குறி வந்ததும் கண்ணம்மாளின் முகம் கண்ணுக்குள் வரும், நாக்கு பிளஸ் என்றுவிடும். லூர்துசெல்வி அவரைத் தாழ்வாரத்தில் நிறுத்திக் கெஞ்சிப் பார்த்தார்.

“வாய்ல மட்டும் சொல்லிட்டு மனசுல வேற நெனச்சுக்கங்க. இங்க எல்லாரும் அப்படித்தான் பண்றோம்.”

“வாய்ல சொல்றதுதானுங்க பலிக்கும். மனசுல நெனைக்கறதுக்கு என்னுங்க?”

ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வந்து பார்க்கும் நாள். மற்றப் பிள்ளைகளைப் பார்க்கக் கார்கள் வந்தன. பொன்னுவேலைப் பார்க்க மனைவி ஆராயியும் கண்ணம்மாளும் தூக்குப்போசியில் களி கொண்டுவந்தார்கள். சில்வர் ஓக் மரத்தடியில் அவர் டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுச் சாப்பிடுவார். அந்த ஒரு மணி நேரமும் கண்ணம்மாள் அவருடைய பாடப்புத்தகங்களை மடியில் வைத்துப் படிப்பாள். அவள் வேறு எந்தப் பள்ளியிலும் இல்லை. கீழே ஏற்காட்டு அரசுப் பள்ளியில் கேட்டதற்கு, மாற்றுச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். சான்றிதழ் முதல்வரின் இழுப்பறையில், பரிசீலனையில் இருந்தது. அவளோடு ஐந்தாவது படித்தவர்கள் எல்லோரும் ஆறாவது போய்விட்டார்கள். அவள் ஆடு மேய்த்தாள்.

“அப்பா, இந்தப் பாடம் முடிச்சிட்டீங்களா?” என்று ஒரு ஞாயிறு கேட்டாள்.

“இல்ல கண்ணு. மொதப் பக்கத்துலயே நிக்கறேன்.”

“வெரசாப் படிங்கப்பா.”

ஆராயி அப்படி நயமாகப் பேசவில்லை. காப்பி பழுக்க ஆரம்பித்துவிட்டது, பறிக்க ஆள் இல்லை, பழம் உதிர்ந்து மண்ணில் கிடக்கிறது, பக்கத்துக் காட்டுக் குழந்தைவேல் மிளகுக் கொடியில் கைவைக்கிறான் என்றாள். “ஊட்டுக்கு ஆம்பளை வேணுமுங்க. நீங்க என்னடான்னா கழுத்துல பட்டை கட்டிட்டுப் பெஞ்சுல உக்காந்திருக்கறீங்க. ஒத்தை வார்த்தைங்கறாங்க. சொல்லித் தொலைச்சாத்தான் என்ன?”

ஆயத்த வகுப்பிலிருந்து எவராவது வெளியே போயிருக்கிறார்களா என்று பொன்னுவேல் மரியஜோசப்பிடம் கேட்டார். இருவரும் கேட்டருகே உட்கார்ந்து பீடி பிடிக்கிற நேரம் அது. மரியஜோசப் தன் கதையைச் சொன்னார். அவரும் மகனைச் சேர்க்கத்தான் வந்தார். அப்போது ஆயத்த வகுப்பு என்ற பெயர் இல்லை, பரிசீலனை முடியும் வரை கேட்டருகே உட்காருங்கள் என்றார்கள். உட்கார்ந்தார். யாராவது வந்தால் எழுந்து கேட்டைத் திறந்துவிட்டார், அது மரியாதை. மகன் ஒண்டிக்கடையில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கிறான், அவனுக்கே இரண்டு பிள்ளைகள்.

“அப்பறம் ஏனுங்க நீங்க இன்னும் இங்க?”

“மனுவை இன்னும் தள்ளலீங்களே,” என்றார் மரியஜோசப்.

நவம்பரில் மலை இடத்தைப் பார்வையிட சேலத்திலிருந்து முருகேசன் என்ற ஆய்வு அதிகாரி வந்தார். பள்ளிக்கு வெள்ளையடித்தார்கள். பொன்னுவேலுக்குப் புது டை கொடுத்தார்கள், தமிழ்ப் பலகையை அன்று ஒருநாள் கழற்றி வைக்க அனுமதித்தார்கள். மேடையில் முதல்வர் பேசினார். பள்ளியின் குறிக்கோளை அதிகாரிக்கு விளக்குவது அவருக்குப் பிடித்தமான காரியம்.

“ஐயா, இந்தச் சூத்திரத்தில் ஏ என்பது மாணவர். பி என்பது ஆசிரியர். இருவரும் முப்பரிமாணத்தில் வளர்ந்தால் ஏ க்யூப், பி க்யூப். முதல் அடைப்புக்குறியில் மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து நிற்கிறார்கள் பாருங்கள், அதுதான் வெளியுலகம் காணும் காட்சி, நம் ஆண்டு மலரின் அட்டை. இரண்டாவது அடைப்புக்குறிதான் பள்ளியின் உள்பக்கம். அதில் மாணவர் ஒரு மூலையில் தம்மாலேயே பெருகிக்கொள்கிறார். ஆசிரியர் இன்னொரு மூலையில் தம்மாலேயே பெருகிக்கொள்கிறார். நடுவில் இருப்பது மாணவரும் ஆசிரியரும் ஒருவரோடொருவர் பெருகி உண்டாவது. அதைக் கவனமாக அகற்றிவிடுகிறோம். அகற்றாமல் விட்ட பள்ளிகளின் நிலைமையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கேள்வி கேட்கிறார்கள். இங்கே பல ஆண்டுகளாக அந்தக் கோளாறு இல்லை. இந்த ஆண்டு ஒருமுறை நேர்ந்தது, தாழ்வாரத்தில். உடனே வகுப்பில் சேர்த்துவிட்டோம்.”

அதிகாரி குறித்துக்கொண்டார். லூர்துசெல்வி தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மலை மாணவரைச் சூத்திரம் சொல்லச் சொல்லுங்கள் என்று அதிகாரி கேட்டார். பொன்னுவேல் மேடைக்கு வந்தார். கூட்டத்தின் ஓரத்தில் ஆராயியும் கண்ணம்மாளும் நின்றிருந்தார்கள். மகளுடைய பாவாடையின் விளிம்பில் காப்பிப் பழக் கறை இருந்தது. ஆறாவது படிக்க வேண்டிய பிள்ளை பழம் பொறுக்கிவிட்டு வந்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. சேர்வராயன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்து மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். ஏ ஸ்கொயர் என்றார். நின்றார். பிறகு, மைனஸ் என்றார்.

அதிகாரிக்குக் கேட்கவில்லை. இன்னும் சத்தமாக என்றார். பொன்னுவேல் இன்னும் சத்தமாகச் சொன்னார். கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டாமா என்றார் முதல்வர். பொன்னுவேல் கண்ணை மூடிக்கொண்டு, கடைசி வரிசைக்கும் அதற்கு அப்பால் நின்ற மகளுக்கும் கேட்கும்படி மைனஸ் என்று கத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். கண்ணம்மாளும் தட்டினாள்.

அதிகாரியின் ஜீப் போன பிறகு பொன்னுவேல் முதல்வர் அறைக்குப் போனார். டையைக் கழற்றிக் கையில் மடித்து வைத்திருந்தார்.

“புள்ளைய எப்பங்க கூட்டிட்டு வரட்டும்?”

“எதற்கு?”

“எடத்துக்குங்க. வார்த்தையச் சொல்லிட்டனுங்களே.”

“சொன்னீர்கள். பிரமாதமாகச் சொன்னீர்கள்,” என்றார் முதல்வர். “மலை இடம் முறையாக நிரப்பப்பட்டிருக்கிறது, மாணவர் நல்ல முன்னேற்றம் காட்டுகிறார் என்று அதிகாரியே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பள்ளி வரலாற்றிலேயே முதல்முறை. நீங்கள் பத்தாவது முடிக்கும் வரை அந்த இடம் உங்களுடையது. யாராலும் பறிக்க முடியாது.”

பொன்னுவேலுக்கு இது புரிய நேரமாயிற்று. தனக்கு வேண்டாம், தன் இடத்தை மகளுக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டார். மாணவர்கள் இடத்தைக் கைமாற்றிக்கொள்ள விதியில்லை என்றார் முதல்வர். ஆனால் வாரிசுக்கு வழி இருக்கிறது. அவர் விதிப்புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

“மாணவர் காலமானால் அவருடைய நேர் வாரிசுக்கு அந்த இடத்தில் முன்னுரிமை உண்டு.”

பொன்னுவேல் அதைப் பற்றி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார் என்று பிற்பாடு லூர்துசெல்வி சொன்னதுண்டு.

“செத்துட்டா உடனே கெடைச்சிருங்களா?”

“உடனே எப்படிக் கிடைக்கும்? இறப்புச் சான்றிதழ் வேண்டும். அதோடு வாரிசின் தகப்பனார் நேர்முகத்துக்கு வர வேண்டும். தகப்பனார் நேரில் வராமல் இந்தப் பள்ளியில் யாரையும் சேர்ப்பதில்லை.”

கண்ணம்மாளின் மாற்றுச் சான்றிதழையாவது திருப்பித் தரச் சொன்னார். அது மாணவரின் கோப்பில் வாரிசு ஆவணமாகச் சேர்ந்துவிட்டது, இடம் காலியாகும்போதுதான் கோப்பைத் திறக்க முடியும் என்றார்கள். பொன்னுவேல் டையை மேசைமேல் வைத்துவிட்டு, வரட்டுங்களா என்று கேட்டு, பதில் வரும்வரை நின்று, வெளியே வந்தார்.

கேட்டில் மரியஜோசப் அவரை நிறுத்தவில்லை. அவருக்கு விதிகள் எல்லாம் காதுவழியாகத் தெரியும். ஒரு மாணவர் ஒரு மாதம் தொடர்ந்து காலை ஆஜருக்குக் குரல் கொடுக்காவிட்டால் பெயரை அடித்துவிட வேண்டும். கடைசி நாளில் கோர்ட்டில் கூப்பிடுவதுபோல மூன்று தடவை கூப்பிடுவார்கள். மூன்றாவதுக்கும் பதில் இல்லையென்றால் இடம் காலி. அந்த நிமிஷமே மனுவோடு ஆள் நிற்க வேண்டும். இல்லாவிட்டால், மனு ஏதும் வரவில்லை என்று எழுதி இடத்தை ரத்து செய்துவிடுவார்கள்.

“ஒரு மாசம் ஊட்டுலயே இருங்க. இந்தப் பக்கம் தலை காட்டாதீங்க. கடைசி நாள்ல புள்ளையோட வந்து வகுப்பு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிண்ணுக்குங்க. பேரை அடிச்ச உடனே டீச்சரம்மா கையில மனுவக் குடுத்துருங்க. அவங்க வாங்கிக்குவாங்க, எங்கிட்டச் சொல்லிட்டாங்க. நீங்க பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். வாயத் தொறக்கக் கூடாது.”

“அவ்வளவுதானுங்களா?”

“அவ்வளவுதானுங்க.”

நீங்களும் வந்துவிடுங்களேன் என்று பொன்னுவேல் கூப்பிட்டார். மரியஜோசப் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். “நானு எங்கீங்க வர்றது? சாவி எங்கிட்ட இருக்குதே.”

அந்த மாதம் முழுவதும் பொன்னுவேல் காட்டைவிட்டு நகரவில்லை. மிச்சமிருந்த காப்பியைப் பறித்துக் களத்தில் உலர்த்தினார். வெள்ளக்கடைக்கு ஒருமுறை அவரைத் தேடிப் பள்ளி வேன் வந்தபோது சாமைத் தாளுக்குள் படுத்துக்கொண்டார். கடைசி நாளுக்கு முந்தின மாலையில் ஆராயி கண்ணம்மாளின் பாவாடை சட்டையைத் துவைத்து, மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்து மடிப்பு எடுத்தாள். மனுவை ஊர் வாத்தியார் எழுதிக் கொடுத்தார். ஒரு வருஷம் போனாலும் போகட்டும், பிள்ளை பிடித்துக்கொள்வாள் என்றார்.

கடைசி நாள் காலையில் மலையெல்லாம் பனி. அப்பாவும் மகளும் முதல் பஸ்ஸில் வந்து இறங்கி மேலே ஏறினார்கள். மரியஜோசப் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டை ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தார். ஆறாம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே, சுவரோடு ஒட்டிக்கொண்டு இருவரும் நின்றார்கள். ஜன்னல் கண்ணாடியில் பனி பூத்திருந்ததால் உள்ளே இருப்பவர்களுக்கு இவர்கள் தெரியவில்லை. முதல்வரும் வகுப்பில் இருந்தார். பெயர் அடிக்கும்போது அவர் சாட்சியாக இருக்க வேண்டும்.

லூர்துசெல்வி ஆஜர் எடுத்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பிள்ளையின் குரல் வந்தது. கண்ணம்மாள் இரண்டு கையாலும் மனுவைப் பிடித்திருந்தாள்.

“பொன்னுவேல்.”

பதில் இல்லை. பொன்னுவேல் உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டார்.

“பொன்னுவேல்.”

பதில் இல்லை. ஒரு பிள்ளை இருமியது. கண்ணம்மாள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். அவள் மனுவின் மடிப்பைப் பிரித்தாள்.

உள்ளே லூர்துசெல்வி பேனாவை எடுத்தார். இனி இந்தப் பெயரைக் கூப்பிடப் போவதில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தன்னிடம் முதன்முதலாக ஒரு கேள்வி கேட்ட மனிதர், தன்னைவிட மூத்தவர். இவ்வளவு மாதங்களாக அவரைப் பேர் சொல்லியும் நியூ பாய் என்றும் அழைத்திருக்கிறோம், கடைசித் தடவையாவது முறையாக அழைப்போம் என்று நினைத்திருக்கலாம். முதல்வர் பக்கத்தில் நிற்பதையும் பொருட்படுத்தாமல், வளாகத்தில் தடைசெய்யப்பட்ட மொழியில், சேலத்துப் பேச்சில் மெதுவாகக் கேட்டார்.

“ஏனுங்க பொன்னுவேலண்ணா, இருக்கறீங்களா?”

“இருக்கறனுங்க, டீச்சரம்மா,” என்றார் பொன்னுவேல்.

வகுப்பு முழுவதும் ஜன்னல் பக்கம் திரும்பியது. முதல்வர் வந்து கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். மாணவர் வளாகத்துக்குள்தான் நிற்கிறார் என்பதை உறுதிசெய்துகொண்டு, வருகையைக் குறிக்கச் சொன்னார். லூர்துசெல்வியின் பேனா அப்படியே நின்றது. முதல்வர் இரண்டாம் முறை சொன்ன பிறகு குறித்தார்.

கண்ணம்மாள் அழவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவுங்க மரியாதையாக் கேட்டாங்க, சாமி,” என்றார் பொன்னுவேல். “கேட்டவங்களுக்குப் பதில் சொல்லாம எப்பிடி இருக்கறது?”

 அவள் மனுவை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அவருடைய சட்டைக் காலரில் ஒட்டியிருந்த சாமைச் சருகைத் தட்டிவிட்டாள்.

“செரி, உள்ள போங்கப்பா. மணி அடிக்கப் போறாங்க.”